ஃபைல் கொப்பி ஏன் ஊர்கிறது? திரையில் நிற்கும் எண்ணே பிழையைக் காட்டும்

ஆவணி மாத முகூர்த்தக் காலம். யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காலைக் கலியாணத்தின் வீடியோ 64 கிகாபைற் கார்ட்டில் நிறைந்து வருகிறது. முன் அறைக் கணினியில் இறக்கியாயிற்று. இனி அதை உள் அறையில் எடிற் செய்யும் கணினிக்கு அனுப்ப வேண்டும். கேபிள் இருக்கிறது, கணினிகளை இணைக்கும் நெற்வேர்க் சுவிச் இருக்கிறது, இரண்டு கணினிகளும் புதியவை. ஆனால் கொப்பி ஓடும் பெட்டியில் நிற்பது செக்கனுக்கு 11 மெகாபைற். அப்படியே விட்டால் 97 நிமிடம் காத்திருக்க வேண்டும். இணைப்பு ஒழுங்காக இருந்திருந்தால் 10 நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் பலர் காசைக் கரைக்கிறார்கள். ஒருவர் ராம் கூட்டச் சொல்வார், இன்னொருவர் விண்டோஸைத் திரும்பப் போடச் சொல்வார், மற்றவர் இன்ரர்நெற் பக்கேஜை உயர்த்தச் சொல்வார். கடைசிச் சொல்லை உடனே தள்ளிவிடலாம். ஒரே கட்டடத்துக்குள் ஒரு கணினியிலிருந்து மற்றதுக்குப் போகும் ஃபைல் இன்ரர்நெற் பக்கமே போவதில்லை. இன்ரர்நெற் கேபிளைக் கழற்றி வைத்தாலும் அந்தக் கொப்பி அப்படியே ஓடும். மற்ற இரண்டும் எப்போதாவது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதை ஊகித்துச் செய்யத் தேவையில்லை. 11 என்ற அந்த எண்ணே பிழை எங்கே கிடக்கிறது என்று சொல்லிவிட்டது. எண்ணை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

பிற், பைற்: முதற் குழப்பம்

சுவிச்சின் பெட்டியில் 1000 என்று போட்டிருக்கும். கொப்பிப் பெட்டியோ 110 காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நெற்வேர்க் சாமான்களின் வேகம் மெகாபிற்றில் எழுதப்படுகிறது, விண்டோஸ் ஃபைலின் அளவையும் கொப்பி வேகத்தையும் மெகாபைற்றில் காட்டுகிறது. 8 பிற் சேர்ந்தது 1 பைற். ஆகவே 1000 மெகாபிற் என்பது 125 மெகாபைற். அதிலும் தரவு சின்னச் சின்னப் பொதிகளாகப் பிரிந்து போவதால், ஒவ்வொரு பொதிக்கும் முகவரி, சரிபார்ப்பு என்று ஒரு பங்கு போய்விடும். கையில் கிடைப்பது 110 முதல் 113 வரை. அதே கணக்கில் 100 மெகாபிற் இணைப்பு 12.5 ஆக வேண்டும், கிடைப்பது 11 சொச்சம். 10 மெகாபிற் என்றால் ஏறக்குறைய 1.

இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்திருங்கள்: 110, 11, 1. கேபிள் இணைப்பில் வேகம் இந்த மூன்றில் ஒன்றில் ஆடாமல் அசையாமல் நின்றால், தடை நெற்வேர்க்கில் இருக்கிறது என்று அர்த்தம். வேறு எண்ணில் நின்றாலோ, ஏறி இறங்கினாலோ பெரும்பாலும் தடை வேறிடத்தில்.

ஃபைல் போகும் பாதை

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பதை நினைத்துப் பாருங்கள். மெஷின் எவ்வளவு பெரிதென்றாலும் வாய்க்கால் ஓரிடத்தில் ஒடுங்கினால் கடைசிப் பாத்திக்குப் போவது அந்த ஒடுக்கத்தால் போகும் தண்ணீர் மட்டும்தான். ஃபைலும் அப்படித்தான். முதற் கணினியின் டிஸ்க்கிலிருந்து வாசிக்கப்பட வேண்டும். அந்தக் கணினியின் வைரஸ் காவலைத் தாண்ட வேண்டும். நெற்வேர்க் கார்ட், கேபிள், சுவிச், அடுத்த கேபிள், அடுத்த கார்ட், அங்குள்ள வைரஸ் காவல், கடைசியாக அங்குள்ள டிஸ்க்கில் எழுதப்பட வேண்டும். இத்தனை கட்டங்களில் ஆக மெதுவான ஒன்றே முழு வேகத்தையும் தீர்மானிக்கிறது. மற்ற எட்டையும் மாற்றினாலும் ஒன்றும் ஆகாது. அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

அளக்கும்போது ஒரு விதி உண்டு. ஒரே ஒரு பெரிய ஃபைலை வைத்து அளக்க வேண்டும். 5 கிகாபைற் அளவிலான ஒரு வீடியோ நல்லது. ஆயிரம் படங்கள் உள்ள ஃபோல்டரை அனுப்பிவிட்டு நெற்வேர்க் மெதுவென்று முடிவுகட்டக் கூடாது. அது வேறு பிரச்சினை, பின்னால் வருகிறது. முதற் சில செக்கன்களில் காட்டும் வேகத்தையும் நம்ப வேண்டாம். விண்டோஸ் முதலில் ராமில் வாங்கிப் போட்டுக்கொள்வதால் தொடக்கம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அரை நிமிடம் கழித்து நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திசையை மாற்றி, அதே ஃபைலை அங்கிருந்து இங்கே இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 110, மறுபக்கம் 35 என்றால் கேபிளில் பெரும்பாலும் பிழையில்லை, ஒரு பக்கத்து டிஸ்க் எழுதும்போது திணறுகிறது.

11 இல் நின்றால்

யாழ்ப்பாணத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் ஆகக் கூடுதலாகக் காண்பது இதுதான். பாதையில் எங்கோ ஓரிடம் 100 மெகாபிற்றுக்கு இறங்கியிருக்கிறது. எந்த இடம் என்று பார்க்க இரண்டு கணினியிலும் செற்றிங்ஸ், நெற்வேர்க் அன்ட் இன்ரர்நெற், ஈதர்நெற் என்று போய் லிங்க் ஸ்பீட் என்ற வரியைப் பாருங்கள். 1000 / 1000 என்று இருக்க வேண்டும். ஒரு கணினியில் 1000, மற்றதில் 100 என்றால் 100 காட்டும் கணினிக்கும் சுவிச்சுக்கும் இடையில் தேடினால் போதும். இரண்டிலும் 1000 இருந்தும் வேகம் 11 என்றால் நடுவில் பழைய 100 சுவிச் ஒன்று ஒளிந்திருக்கிறது. மேசைக்குக் கீழே, பிரிண்டருக்குப் பின்னால், எப்போதோ ஒரு போட் (கேபிள் கொழுவும் துளை) போதாமல் கொழுவிய 5 போட் பெட்டி. கேபிளை முனைக்கு முனை கையால் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

ரவுட்டரும் அடிக்கடி காரணம். இன்ரர்நெற் இணைப்போடு வரும் பல ரவுட்டர்களின் போட்கள் 100 மெகாபிற் மட்டுமே. இன்ரர்நெற்றுக்கு அது போதும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. இரண்டு கணினிகளையும் அந்த ரவுட்டரிலேயே கொழுவினால் 11ஐத் தாண்ட வழியே இல்லை. ரவுட்டரை மாற்றத் தேவையில்லை. 5 போட் கிகாபிற் (1000 மெகாபிற்) சுவிச் ஒன்றை வாங்கி, இரண்டு கணினிகளையும் அதில் கொழுவி, அதிலிருந்து ஒரு கேபிளை ரவுட்டருக்குக் கொடுங்கள். கணினிகள் தமக்குள் பரிமாறுவது சுவிச்சுக்குள்ளேயே முடிந்துவிடும், ரவுட்டருக்கு இன்ரர்நெற் மட்டும் போகும். செலவு குறைவு, பலன் பத்து மடங்கு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய முடியுமென்றால் இதைச் செய்யுங்கள் என்போம்.

லப்டொப்பில் ஈதர்நெற் போட் இல்லாமல் யூ.எஸ்.பி. அடப்ரர் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். மலிவானவற்றில் பல 100 மெகாபிற் மட்டுமே தருபவை, அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் லிங்க் ஸ்பீட் உண்மையைச் சொல்லும்.

இவ்வளவும் சரியாக இருந்து, எல்லாச் சாமானும் கிகாபிற்றாக இருந்தும் 100 என்றே காட்டினால், கேபிள்தான். இதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும்.

கேபிளுக்குள் என்ன நடக்கிறது

கேபிளின் உறையைச் சீவினால் எட்டு வயர்கள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடிகள்: செம்மஞ்சள், பச்சை, நீலம், கபிலம். 100 மெகாபிற்றுக்குச் செம்மஞ்சள், பச்சை ஆகிய இரண்டு சோடிகள் மட்டும் போதும். பிளக்கில் 1, 2, 3, 6 ஆம் இடங்கள். கிகாபிற்றுக்கு நான்கு சோடிகளும் வேண்டும். ஆகவே 4, 5 இல் உள்ள நீலமோ 7, 8 இல் உள்ள கபிலமோ அறுந்தால் நெற்வேர்க் நிற்பதில்லை. இன்ரர்நெற் வரும், பிரிண்டர் வேலை செய்யும், எல்லாம் நலம் போலத் தோன்றும். நெற்வேர்க் கார்ட் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடப்பது இதனால்தான்.

பிளக் அடிக்கும் ஒழுங்கு இது. கிளிப் கீழே, பொன்நிறத் தகடுகள் மேலே, கேபிள் உங்கள் பக்கம் இருக்குமாறு பிடித்தால் இடப்பக்கத்திலிருந்து: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். பச்சைச் சோடி நீலச் சோடிக்கு இரு பக்கமும் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். இது பலருக்கு ஒழுங்கில்லாதது போலத் தெரியும். அதனால் செம்மஞ்சள் இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு, கபிலம் இரண்டு என்று நிற வரிசைப்படி அடித்துவிடுவார்கள். இரண்டு முனையிலும் அதே மாதிரி அடித்தால் கேபிள் சோதிக்கும் ரெஸ்ரரில் 1 முதல் 8 வரை வெளிச்சம் ஒழுங்காக ஓடும். ஆனால் கேபிள் பிழை. 3 ஆம் இடத்தில் பச்சைச் சோடியின் ஒரு வயர், 6 ஆம் இடத்தில் நீலச் சோடியின் ஒரு வயர். ஒரே சமிக்ஞை இரண்டு வேறு முறுக்குகளில் போகிறது. முறுக்கின் வேலையே பக்கத்துச் சோடியின் இரைச்சலை அழிப்பது. அது இங்கே நடக்காது. இரண்டு மீற்றர் கேபிளில் தாக்குப்பிடிக்கலாம். 20 மீற்றரில் பொதிகள் கெட்டு, திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டு, வேகம் கண்டபடி விழும். விலை குறைந்த ரெஸ்ரர் தொடர்ச்சியை மட்டும் பார்க்கிறது, சோடியைப் பார்ப்பதில்லை. ஆகவே ரெஸ்ரர் சரி என்று சொன்னாலும் பிளக்கின் ஒளிபுகும் உடலுக்குள் நிற வரிசையைக் கண்ணால் வடிவாகப் பாருங்கள்.

அடிக்கும்போது முறுக்கை அவிழ்ப்பது 13 மில்லிமீற்றருக்கு மேற்படக் கூடாது. வெளி உறை பிளக்கினுள் போய் அங்குள்ள ஆப்பால் இறுக்கப்பட வேண்டும். உறை வெளியே நின்று, எட்டு நிற வயரும் வெளியில் தெரிந்தால் அந்தப் பிளக் நெடுநாள் நிற்காது. நாற்காலி இழுபடும்போதெல்லாம் தகடுகளே பாரத்தைத் தாங்கும். வெட்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள். 

கேபிளின் உலோகத்தையும் பாருங்கள். வயர் ஒன்றின் நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளேயும் செப்பு நிறமே இருக்க வேண்டும். வெள்ளி நிறம் தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம். பெட்டியில் சி.சி.ஏ. என்று சிறிதாகப் போட்டிருக்கும். அலுமினியத்தின் கடத்துதிறன் செப்பினதில் ஐந்தில் மூன்று பங்குதான், வளைத்தால் இலகுவில் முறியும். மேசையடியில் குறுகிய தூரத்துக்கு ஓடிவிடும். சுவருக்குள் 40 மீற்றர் இழுக்க அதை வாங்காதீர்கள். விலையில் மிச்சம் பிடித்ததைப் பின்னர் சுவரை உடைக்கக் கொடுக்க வேண்டி வரும். நல்ல செப்புக் கேபிளில் கற்-5ஈ தரமே கிகாபிற்றுக்குப் போதும், ஆகக் கூடிய நீளம் 100 மீற்றர்.

ஊருக்கே உரிய பிழைகள் சிலவும் உண்டு. ஓட்டுக் கூரைக்கு மேலால் இழுத்த கேபிளை அணில் கடிக்கும். முழுதாக அறுக்காமல் ஒரு சோடியை மட்டும் கடித்து வைத்தால் வேகம் 100க்கு இறங்கும். குருநகர், பாசையூர், காரைநகர் போன்ற கரையோர இடங்களில் உப்புக்காற்றால் பிளக்கின் தகடுகளில் பச்சை படரும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். ஐசோபுறப்பைல் அற்ககோலைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம், பிளேட்டால் சுரண்டினால் பொன் பூச்சு போய் இன்னும் கெதியாகக் கெடும். சோளகக் காலத்துச் செம்மண் புழுதி பாவிக்காத போட்களுக்குள் அடையும். போட் மூடி விலை சொற்பம், வாங்கிப் போடுங்கள்.

இடி மின்னலைப் பற்றி ஒரு சொல். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளவுக்கு வெளியே இழுத்த கேபிளால் வரும் மின்னதிர்ச்சி எல்லா நேரமும் சாமானை முழுதாக எரிப்பதில்லை. சுவிச்சின் ஒரு போட்டில் ஒரு சோடியின் பகுதியை மட்டும் கெடுத்துவிடும். அந்தப் போட் அதன் பிறகு 100 அல்லது 10 மெகாபிற்றில்தான் ஏறும். எனவே கேபிளை வெட்ட முன்னர், அதே கேபிளை வேறு போட்டில் கொழுவிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. இடி முழங்கும்போது பிளக்கை மின்சாரத்திலிருந்து கழற்றினால் மட்டும் போதாது, வெளியிலிருந்து வரும் நெற்வேர்க் கேபிளையும் கழற்ற வேண்டும். இரண்டு கட்டடங்களை இணைப்பதென்றால் செப்பை விட்டுவிட்டு ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் ஒளியையும் மின் சமிக்ஞையையும் ஒன்றிலிருந்து மற்றதாக மாற்றும் மீடியா கொன்வேட்டர் போடுவதே சரி. உள்ளே கண்ணாடி இழைதான், மின்னலுக்குப் பாதை இல்லை. கேபிளோடு உலோகத் தாங்குகம்பி சேராத வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

எண் ஆடினால், வேறு எண்ணில் நின்றால்

30க்கும் 40க்கும் இடையில் நிற்கிறதா? யூ.எஸ்.பி. 2 இல் கொழுவிய வெளி டிஸ்க்கின் எல்லை அது. யூ.எஸ்.பி. 3 டிஸ்க்கும் பழைய கேபிளாலோ கணினியின் கறுப்பு நாக்குள்ள போட்டாலோ 2 ஆக இறங்கிவிடும். பல கணினிகளில் 3 ஆம் வகைப் போட்டின் நாக்கு நீலம். அதில் மாற்றிக் கொழுவிப் பாருங்கள்.

80, 90 இல் தொடங்கி 50க்கு இறங்குவது பழைய லப்டொப் ஹார்ட் டிஸ்க்கின் இயல்பு. தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றில் அதிக தரவு கிடக்கும், உள் விளிம்பில் பாதிதான். டிஸ்க் நிரம்ப நிரம்ப உள்ளே போய் எழுதுவதால் வேகம் குறைகிறது. இது பழுதல்ல. 110 இல் சில நிமிடம் ஓடிவிட்டு 10, 20 என்று விழுந்து மெல்ல ஊர்வது வேறு. இது பெரிய கொள்ளளவுள்ள பல பொக்கற் டிஸ்க்குகளில் காணப்படுவது. அவை ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் மேல் இன்னொன்று பாதி ஏறி நிற்கும்படி எழுதுகின்றன. தற்காலிக இடம் நிரம்பியதும் பக்கத்துத் தடங்களையும் திருப்பி எழுத வேண்டி வருகிறது. மலிவான எஸ்.எஸ்.டி. சிலவற்றிலும் கெதியான பகுதி நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாகும். இவற்றுக்கு நெற்வேர்க்கில் மருந்தில்லை. எடிற் வேலையை நல்ல எஸ்.எஸ்.டி.யில் செய்து, அந்த டிஸ்க்குகளைச் சேமித்து வைக்க மட்டும் பாவியுங்கள்.

டிஸ்க்கா நெற்வேர்க்கா என்று தெளிய, கொப்பி ஓடும்போதே கொன்ரோல், ஷிஃப்ற், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டி நின்று ஈதர்நெற் கோடு தாழ்ந்து கிடந்தால் டிஸ்க்தான். இரு கணினியிலும் பார்க்க வேண்டும். டிஸ்க்கை முற்றாகக் கணக்கிலிருந்து எடுத்துவிட விரும்பினால் ஐபேர்ஃப் 3 என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு கணினியில் அது கேட்டுக்கொண்டிருக்கும், மற்றது ராமிலிருந்து நேரே தரவைத் தள்ளும். சுகமான கிகாபிற் இணைப்பில் 940 மெகாபிற் அளவில் வரும், 100 இணைப்பில் 94. இங்கே 940 வந்து கொப்பி மட்டும் மெதுவென்றால் கேபிளைத் தொடவே வேண்டாம்.

வேகம் பூச்சியத்துக்கு விழுந்து, பல செக்கன் நின்று, மீண்டும் ஏறி, மீண்டும் விழுந்தால் கவனம். சாகும் டிஸ்க் ஒன்று வாசிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்ப முயல்வதாக இருக்கலாம். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்ரல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து பாருங்கள். மஞ்சளில் எச்சரிக்கை காட்டினால் வேகத்தை மறந்துவிட்டு, திரும்ப எடுக்க முடியாத ஃபைல்களை முதலில் வேறிடத்துக்கு மாற்றுங்கள். ஒருவரின் கலியாணத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

ஆயிரம் சின்ன ஃபைல்கள்

4 கிகாபைற் வீடியோ 40 செக்கனில் போகும். அதே 4 கிகாபைற் அளவில் 40,000 சின்ன ஃபைல்கள் அரை மணித்தியாலம் எடுக்கலாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் மறுபக்கத்தில் பெயரைத் திறக்க வேண்டும், உரிமை பார்க்க வேண்டும், எழுத வேண்டும், நேரம் பதிய வேண்டும், மூட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி போய் ஒரு பதில் வர வேண்டும். அதோடு வைரஸ் காவல் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும். வீட்டுக்கு வீடு பத்திரிகை போடுபவர் ஒவ்வொரு படலையிலும் நின்று நின்று போவது போல.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அனுப்ப முன்னர் 7-சிப் போன்ற ஒன்றால் ஒரே ஃபைலாகக் கட்டுவது. சுருக்கும் அளவை ஸ்ரோர் என்று வையுங்கள். ஜே.பி.ஜி. படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை, மேலும் சுருக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். மற்றது விண்டோஸில் உள்ள ரோபோகொப்பி. கட்டளையின் முடிவில் சரிவுக்கோடு, ஈ என்று போட்டால் உள் ஃபோல்டர்களும் போகும். சரிவுக்கோடு, எம், ரி, முக்காற்புள்ளி, 16 என்று சேர்த்தால் 16 ஃபைல்களை ஒரே நேரத்தில் அனுப்பும். ஒன்றின் பதிலுக்குக் காத்திருக்கும்போது மற்றது போய்க்கொண்டிருக்கும். ஹார்ட் டிஸ்க்கானால் 8 போதும், கூட்டினால் ஊசி அங்குமிங்கும் ஓடி இன்னும் மெதுவாகும். இன்னொன்றையும் மறவாமல் சேருங்கள்: சரிவுக்கோடு, ஆர், முக்காற்புள்ளி, 2, பிறகு சரிவுக்கோடு, டபிள்யூ, முக்காற்புள்ளி, 5. இதைச் சொல்லாவிட்டால் திறக்க முடியாத ஒரு ஃபைலை அது 30 செக்கனுக்கு ஒருமுறையாக 10 இலட்சம் தடவை முயன்றுகொண்டே நிற்கும். வெளியில் பார்ப்பவருக்குக் கொப்பி உறைந்துவிட்டது போலத் தெரியும்.

பெரிய ஃபைல்களுக்குச் சரிவுக்கோடு, ஜே நல்லது. இடைத்தேக்கம் இல்லாமல் நேரே எழுதும். 2022 இல் வந்த விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பில் நெற்வேர்க்கால் பெரிய ஃபைல் கொப்பி செய்யும்போது வேகம் குறையும் பிழை இருந்தது. அதற்கு மைக்ரோசொஃப்ற் சொன்ன தற்காலிக வழியும் இதுவே. பின்னர் வந்த அப்டேற்றில் அது திருத்தப்பட்டுவிட்டது. எனவே அப்டேற் செய்யாத கணினி என்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

வைரஸ் காவலை முழுதாக நிறுத்த வேண்டாம். வேலை ஃபோல்டர் ஒன்றை மட்டும் விலக்கி அளந்து பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் விலக்கை நீக்கிவிடுங்கள். பலரின் பென் டிரைவ்கள் கொழுவப்படும் கடைகளில் இது விளையாட்டல்ல.

வைஃபை

வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். இரண்டு கணினியும் வைஃபையில் இருந்தால் ஒரே பொதி காற்றில் இரண்டு தடவை போகிறது, முதலில் ரவுட்டருக்கு, பிறகு அங்கிருந்து மற்றதுக்கு. வேகம் உடனே பாதி. 2.4 கிகாஹேட்ஸில் அயல் வீடுகளின் ரவுட்டர்களும் அதே காற்றில் கத்தும்போது செக்கனுக்கு 3, 4 மெகாபைற் கிடைத்தால் அதுவே பெரிது. ஒரு கணினியையாவது கேபிளில் கொழுவுங்கள், மற்றதை 5 கிகாஹேட்ஸுக்கு மாற்றுங்கள். ஆனால் 5 கிகாஹேட்ஸ் தடித்த சுவரை இலகுவில் தாண்டாது. சுண்ணாம்புக்கல்லில் கட்டிய பழைய யாழ்ப்பாண வீடுகளில் இரண்டு சுவர் தாண்டினால் சமிக்ஞை நலிந்துவிடும். தினமும் பெரிய ஃபைல் கொண்டுபோகும் கணினிக்கு வைஃபை தீர்வே அல்ல, கேபிள் இழுங்கள்.

தொடாமல் விட வேண்டியவை

நெற்வேர்க் கார்ட்டின் அட்வான்ஸ்ட் பக்கத்தில் ஸ்பீட் அன்ட் டூப்ளெக்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அது ஓட்டோ நெகோசியேஷனில், அதாவது இரு பக்கமும் தாமே பேசி வேகத்தை முடிவுசெய்யும் நிலையில், இருக்கட்டும். வேகமாக்குவதாக நினைத்து ஒரு பக்கத்தில் மட்டும் 100 ஃபுல் என்று பூட்டினால், மறுபக்கத்துக்குப் பேச ஆள் கிடைக்காமல் அது ஹாஃப் டூப்ளெக்ஸாக, அதாவது ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும் முறையாக, எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே பேசுகிறது, மற்றப் பக்கம் அதை மோதல் என்று நினைத்து நிறுத்தி நிறுத்தித் தொடங்குகிறது. மற்றக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை அழகாக ஓடும், கொப்பி 1 மெகாபைற்றுக்கும் கீழே தவழும். யாரோ எப்போதோ பூட்டி வைத்ததாகவும் இருக்கலாம், இரண்டு பக்கமும் பாருங்கள்.

ஜம்போ ஃபிரேம் (வழமையைவிடப் பெரிய பொதிகளாக அனுப்புவது) என்பதையும் நிறுத்தியே வையுங்கள். பாதையில் உள்ள எல்லாச் சாமானும் ஒரே அளவுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் சின்னப் பொதிகள் போகும், பெரியவை தொலையும். பகிர்ந்த ஃபோல்டர் திறக்கும், கொப்பி தொடங்கும், அப்படியே நிற்கும்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே ஃபைலை அனுப்பி, எண்ணைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். கேபிளையும் சுவிச்சையும் ஒன்றாக மாற்றிவிட்டு 110 வந்தால் எது பழுது என்று தெரியாது. நல்ல சுவிச் ஒன்று குப்பைக்குப் போகும்.

110 வந்த பிறகு கிகாபிற் இணைப்பில் திருத்த ஒன்றுமில்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால் 2.5 கிகாபிற் கார்ட் இரு பக்கமும், அதே வேகத்துச் சுவிச்சும் வேண்டும். நல்ல கற்-5ஈ கேபிளை மாற்றத் தேவையில்லை, அது 100 மீற்றர் வரை 2.5ஐத் தாங்கும். அப்போது 280 மெகாபைற் அளவில் எதிர்பார்க்கலாம், இரண்டு முனையிலும் எஸ்.எஸ்.டி. இருந்தால். ஒரு முனையில் ஹார்ட் டிஸ்க் இருக்கும்வரை அந்தக் காசைச் செலவழிக்காதீர்கள்.